பிள்ளையின் விளையாட்டுக் கணக்கும் நம் வீட்டுப் பணமும்



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, காப்பீடு என்று பல பாடங்களை நாம் சேர்ந்து படித்திருக்கிறோம். இந்த முறை பிள்ளைகள் செல்போனில் விளையாடும் விளையாட்டைப் பற்றிப் பார்க்கப் போகிறோம். "அது பசங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று சிலருக்குத் தோன்றலாம். முழுவதும் படித்துப் பாருங்கள். இது பிள்ளைகளின் பாடம் மட்டும் அல்ல, நம் பணத்தைக் காப்பாற்றும் பாடமும் கூட.

நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு நல்ல போன்தான் இருக்கிறது. குழுக் கடன் தவணை குறித்த வங்கி மெசேஜ் அதில்தான் வருகிறது. ஜி-பே, போன்-பே அதில்தான் இருக்கிறது. கேஸ் மானியம், அரசு உதவித்தொகை வந்த செய்தியும் அதில்தான். ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு போட்டோவும் அதில்தான். சாயங்காலம் பிள்ளை ஸ்கூல் விட்டு வந்ததும் கேட்டு வாங்குவதும் அதே போனைத்தான். ஆக, பிள்ளையின் விளையாட்டுக் கணக்குக்குள் திருடன் நுழைந்தால், அவன் நிற்பது நம் வீட்டு வாசற்படியில்தான்.

கோவளத்திலிருந்து நெம்மேலி, பட்டிப்புலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை உள்ள கடலோரக் குப்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் குறைந்த அந்த நேரத்தில்தான் நிவாரணப் பணம் கணக்குக்கு வரும். பள்ளிக்கூடக் கோடை விடுமுறையும் அதே நேரத்தில்தான். பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில், கையில் போன், அந்தப் போனோடு சேர்ந்த கணக்கில் குடும்பத்தின் இரண்டு மாதச் செலவுப் பணம். இந்த நிலைமையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிப்போம்.

விளையாட்டுக் கணக்கு என்றால் என்ன?

நம் பகுதிப் பிள்ளைகள் அதிகம் சொல்லும் பெயர்கள் ஃப்ரீ ஃபயர், பப்ஜி. 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அதே மாதிரியான விளையாட்டு பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் இந்தியாவுக்காக வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நிறுத்தப்பட்டு, 2023 மே மாதம் திரும்ப வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. அதன் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸை அதற்குப் பிறகும் பிள்ளைகள் விளையாடி வந்தார்கள். தடை வந்த நேரங்களில் பல பிள்ளைகள் பிளே ஸ்டோருக்கு வெளியே தேட ஆரம்பித்தார்கள். போலி ஆப் பரப்புகிறவர்களுக்கு அது வசதியாகப் போனது.

விளையாட ஆரம்பிக்கும்போது பிள்ளை ஒரு கணக்கு தொடங்க வேண்டும். அதைத்தான் 'ஐ.டி.' என்கிறார்கள். அந்த ஐ.டி.யைக் கூகுள் கணக்கோடோ ஃபேஸ்புக் கணக்கோடோ இணைத்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் விளையாடிப் படிப்படியாக மேலே போவார்கள். நிஜப் பணம் கொடுத்து 'டைமண்ட்' வாங்குவார்கள். அந்த டைமண்டைக் கொண்டு விளையாட்டு வீரனுக்குச் சட்டை, துப்பாக்கிக்குப் புதுக் கலர் என்று வாங்குவார்கள். நமக்கு அது வெறும் படம். ஆனால் பிள்ளைக்கு அது இரண்டு வருட உழைப்பு, நண்பர்கள் நடுவில் மரியாதை. நல்ல ஐ.டி.யைக் காசு கொடுத்து வாங்க ஆளும் இருக்கிறது. விலை போகும் பொருள் என்றால் திருடனும் வருவான்தானே?

தூண்டில் எப்படிப் போடுகிறார்கள்?

இந்த மாதிரித் திருட்டுக்கு ஆங்கிலத்தில் 'ஃபிஷிங்' என்று பெயர். மீன்பிடித்தல் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் ஏ.ஓ.எல். என்ற இணையக் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு, கம்பெனி ஆள் பேசுவது போல மெசேஜ் அனுப்பிப் பாஸ்வேர்டைக் கறந்தார்கள். அப்போது பிறந்த பெயர் இது. நம் கடற்கரை ஜனங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மீனின் கண்ணுக்கு இரைதான் தெரியும், முள் தெரியாது. பிள்ளையின் கண்ணுக்கு டைமண்ட் தெரியும், அதன் பின்னால் இருக்கும் ஆள் தெரியாது.

அடிக்கடி போடப்படும் இரைகள் ஐந்து.

1. இலவச டைமண்ட். "இந்த லிங்கை அழுத்து, 10 ஆயிரம் டைமண்ட் இலவசம்" என்று வாட்ஸ்அப், டெலிகிராம், யூடியூப் வழியாக வரும். அழுத்தினால் ஃபேஸ்புக் பக்கம் போலவே ஒரு பக்கம் திறக்கும். நிறம், எழுத்து, படம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அது திருடன் செய்த பொம்மைப் பக்கம். அங்கே போடும் போன் நம்பரும் பாஸ்வேர்டும் நேராக அவன் கைக்குப் போகும்.

2. மாற்றி அமைத்த ஆப். "இதைப் போட்டால் தோற்கவே மாட்டாய்" என்று ஒரு ஏ.பி.கே. ஃபைல் அனுப்புவார்கள். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வருகிற ஆப் அது. போட்டதும் "மெசேஜ்களைப் படிக்க அனுமதி" கேட்கும். பிள்ளை சரி என்று அழுத்திவிட்டால், அதன் பிறகு வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி.யை நாம் பார்க்கும் முன்பே அவன் பார்ப்பான்.

3. ஐ.டி. வாங்கல், விற்றல். "என் ஐ.டி.யை 2 ஆயிரத்துக்குத் தருகிறேன்" என்று ஒருவன் சொல்வான். பணம் போனதும் பாஸ்வேர்டு கொடுப்பான். நாலு நாள் கழித்து "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று தன் பழைய இமெயில் வழியாக அதே கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வான். இப்படி விற்பதும் வாங்குவதும் விளையாட்டுக் கம்பெனிகளின் விதிக்கே விரோதம் என்பதால், அங்கே போய் முறையிடவும் வழியில்லை.

4. கம்பெனி ஆள் வேஷம். "உன் கணக்கை முடக்கப் போகிறோம், சரிபார்க்க உனக்கு வந்த நம்பரைச் சொல்" என்று மெசேஜ் வரும். எந்த விளையாட்டுக் கம்பெனியும் ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்காது.

5. கூட விளையாடும் நண்பன். மைக்கில் தினமும் பேசி, "தம்பி, தம்பி" என்று பழகி, பிறகு "உன் ஐ.டி.யைக் கொடு, நான் லெவல் ஏற்றித் தருகிறேன்" என்பான். பெண் பிள்ளைகளிடம் போட்டோவும் கேட்பான். முகம் தெரியாத அந்த ஆளுக்கு 14 வயதா 40 வயதா என்று பிள்ளைக்குத் தெரியாது.

விளையாட்டிலிருந்து வங்கிக்கு எப்படி வருகிறான்?

இது புரிந்தால்தான் பாடம் முழுமையாகும். ஒரு வீட்டை உதாரணமாக நினைத்துக்கொள்வோம். பையன் எட்டாம் வகுப்பு. அம்மாவின் போனில் அம்மாவின் கூகுள் கணக்கு இருக்கிறது. பையன் அதே கூகுள் கணக்கில்தான் விளையாட்டு ஐ.டி.யை இணைத்திருக்கிறான்.

பொம்மைப் பக்கத்தில் பையன் கூகுள் பாஸ்வேர்டைப் போடுகிறான். திருடன் அதை வைத்து எங்கோ ஓர் ஊரிலிருந்து நுழையப் பார்க்கிறான். கூகுளுக்குச் சந்தேகம். உடனே அம்மாவின் போனுக்கு "உள்ளே வருவது நீங்கள்தானா?" என்று கேள்வி அனுப்புகிறது. பொம்மைப் பக்கமோ, "டைமண்ட் வர, ஆம் என்பதை அழுத்தவும்" என்று சொல்லிவைத்திருக்கிறது. பையன் 'ஆம்' அழுத்துகிறான். கதவு திறந்துவிட்டது.

இப்போது திருடன் கையில் இருப்பது விளையாட்டு ஐ.டி. மட்டும் அல்ல. அம்மாவின் இமெயில், தொடர்பு எண்கள், கூகுளில் சேமித்த பாஸ்வேர்டுகள், கூகுள் போட்டோவில் ஏறியிருந்தால் பாஸ்புக், ஆதார், ஏ.டி.எம். கார்டு படங்கள், எல்லாமே அவன் பார்வையில். யூ.பி.ஐ.யை வேறு போனிலிருந்து அவனால் சட்டென்று இயக்க முடியாது. வங்கியில் பதிந்த சிம் இருக்கும் போனில்தான் அது வேலை செய்யும். அதனால் அவன் அடுத்துத் தேடுவது ஓ.டி.பி.யைத்தான். நம் பெயர், வங்கிப் பெயர், கார்டு நம்பர் எல்லாம் சரியாகச் சொல்லி, "பேங்கிலிருந்து பேசறோம்மா" என்று கூப்பிடுவான். இவ்வளவும் தெரிந்து பேசுகிறவரை வங்கி ஆள் என்று நம்பிவிடுவது சுலபம்.

ஓ.டி.பி. என்பது நம் கையெழுத்து மாதிரி. 1989-ல் தருமபுரியில் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய காலம் முதல், எத்தனையோ பெண்கள் குழுவுக்கு வந்துதான் கையெழுத்துப் போடக் கற்றார்கள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதையும் கூடவே கற்றோம். ஓ.டி.பி.யை வாய்விட்டுச் சொல்வது வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். பிள்ளைக்கும் இதே வார்த்தையில் சொல்லிக்கொடுங்கள், புரியும்.

திருடனே இல்லாமல் பணம் போவதும் உண்டு

எல்லா நேரமும் வெளி ஆள்தான் என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூலையில் பஞ்சாப் மாநிலம் கரார் ஊரில் 17 வயதுப் பையன் ஒருவன், பெற்றோர் கணக்கிலிருந்து சுமார் 16 லட்சம் ரூபாயைப் பப்ஜியில் செலவு செய்துவிட்டான். வங்கி மெசேஜ் வர வர அழித்துவிட்டதால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. 2021-ல் சத்தீஸ்கர் மாநிலம் காங்கேர் மாவட்டத்தில் ஒரு பள்ளி ஆசிரியையின் கணக்கிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேல் போனது. ஆன்லைன் மோசடி என்று போலீசில் புகார் கொடுத்தார். விசாரித்தால், அவருடைய 12 வயது மகன் ஃப்ரீ ஃபயரில் ஆயுதங்கள் வாங்கியிருந்தான்.

இந்த இரண்டு இடத்திலும் நமக்குப் பாடம் ஒன்றுதான். ஒருமுறை கார்டையோ வங்கிக் கணக்கையோ விளையாட்டோடு சேர்த்துவிட்டால், பிறகு வாங்குவது விரலால் ஒரு தட்டு தட்டுகிற வேலை. படித்த வீட்டிலும், சம்பளம் வாங்குகிற வீட்டிலும் இது நடந்திருக்கிறது. ஆகவே, 'நமக்குப் படிப்பு இல்லை, அதனால்தான் ஏமாறுகிறோம்' என்று யாரும் தலை குனிய வேண்டாம்.

பூட்டுப் போடும் முறைகள்

பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள். போன் விஷயத்தில் பிள்ளைக்கு நம்மைவிடக் கை வேகம். பண விஷயத்தில் நமக்கு அனுபவம். இரண்டும் சேர்ந்தால் வேலை சுலபம்.

1. கணக்கைப் பிரியுங்கள். பிள்ளையின் விளையாட்டுக்கு என்று தனியாக ஒரு கூகுள் கணக்கு வையுங்கள். அதில் கார்டு, வங்கி எதையும் சேர்க்காதீர்கள். கணக்கை மீட்கத் தரும் போன் நம்பர் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். சின்னப் பிள்ளை என்றால் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' ஆப் மூலம் எந்த ஆப் போடலாம், எவ்வளவு நேரம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

2. 'கெஸ்ட்' கணக்கில் விளையாட விடாதீர்கள். கெஸ்ட் என்றால் எதோடும் இணைக்காத கணக்கு. போன் தொலைந்தால், உடைந்தால், அந்த ஐ.டி.யைத் திரும்ப எடுப்பது மிகவும் கஷ்டம்.

3. பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். பிள்ளை பெயரும் பிறந்த வருடமும் எல்லோரும் ஊகிக்கிற பாஸ்வேர்டு. சம்பந்தம் இல்லாத நாலு சொற்களைச் சேர்த்து, நடுவில் எண் போட்டு வையுங்கள். விளையாட்டுக்கு ஒன்று, ஃபேஸ்புக்குக்கு ஒன்று, இமெயிலுக்கு ஒன்று என்று வேறு வேறாக இருக்க வேண்டும். ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறந்தால், அந்த ஒன்று தொலைந்தால் எல்லாம் போச்சு.

4. இரட்டைப் பூட்டு போடுங்கள். நம் குழுக் கணக்கில் ஒருவர் கையெழுத்தை மட்டும் வைத்துப் பணம் எடுக்க முடியுமா? முடியாது. அதே முறைதான் இது. கூகுள், ஃபேஸ்புக் இரண்டிலும் பாதுகாப்பு அமைப்புகளில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' அல்லது 'டூ ஃபேக்டர்' என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால், பாஸ்வேர்டு தெரிந்தவனும் இரண்டாவது அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. ஆனால் 'ஆம்' என்று நாமே அழுத்தினால் இந்தப் பூட்டும் பயன் தராது. நாம் நுழையாத நேரத்தில் கேள்வி வந்தால் 'இல்லை' என்றுதான் அழுத்த வேண்டும்.

5. பிளே ஸ்டோரில் வாங்குவதற்குப் பூட்டு. பிளே ஸ்டோர் அமைப்புகளுக்குள் போய், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி வையுங்கள். பிள்ளையின் கைரேகை போனில் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பதிந்திருந்தால் அந்தப் பூட்டுக்கு அர்த்தமே இல்லை.

6. யூ.பி.ஐ. பின் உங்களிடம் மட்டும். பணம் அனுப்பத்தான் பின் தேவை, பணம் வாங்கத் தேவையில்லை. "பரிசுப் பணம் வர பின் போடு, க்யூ.ஆர். ஸ்கேன் செய்" என்று யார் சொன்னாலும் அது பொய்.

7. ஆப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும். வாட்ஸ்அப்பில், டெலிகிராமில் வந்த ஏ.பி.கே. எதுவும் வேண்டாம். விளையாட்டு ஆப் மெசேஜைப் படிக்க அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டாம். நம் போனின் திரையை வேறு இடத்திலிருந்து பார்க்க வைக்கும் ஆப்பை யார் சொல்லியும் போடாதீர்கள்.

8. டைமண்ட் வாங்கியே ஆக வேண்டும் என்றால், பண்டிகைக்கோ பிறந்த நாளுக்கோ இவ்வளவுதான் என்று தொகையை முன்பே பேசிவையுங்கள். விளையாட்டுக்கு உள்ளே இருக்கும் கடை வழியாக, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது வாங்கட்டும். பாதி விலைக்குத் தருகிறேன் என்கிற வெளி ஆளிடம் வேண்டாம்.

பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டு வேறு

ரம்மி போலப் பணம் கட்டி விளையாடும் ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பெரிய கம்பெனிகள் அந்த மாதமே பண ஆட்டங்களை நிறுத்தின. எனவே "100 ரூபாய் கட்டு, 1,000 ஜெயி" என்று எந்த லிங்க் வந்தாலும், பெரியவர்களாக இருந்தாலும் சரி, பிள்ளைகளாக இருந்தாலும் சரி, தொடவே வேண்டாம்.

மிகப் பெரிய பூட்டு: பிள்ளை பயப்படாமல் சொல்வது

இதுவரை சொன்னது எல்லாம் போனுக்குப் பூட்டு. இனிச் சொல்லப் போவது அதைவிட முக்கியம்.

2021 ஜூலை கடைசியில் மத்தியப் பிரதேச மாநிலம் சத்தர்பூரில் 13 வயதுப் பையன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டான். அம்மாவின் கணக்கிலிருந்து ஃப்ரீ ஃபயருக்காக 1,500 ரூபாய் போன மெசேஜைப் பார்த்து, அம்மா போனில் கண்டித்திருக்கிறார். மொத்தம் 40 ஆயிரம் ரூபாய் போய்விட்டது என்று அவன் மன்னிப்புக் கேட்டு எழுதிவைத்திருந்தான். எந்தத் தாயும் கேட்கிற கேள்வியைத்தான் அந்தத் தாயும் கேட்டார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனை பணம் போகிற வரை அந்தப் பையன் தனியாகவே பயத்தைச் சுமந்திருக்கிறான். அதை நாம் மறக்கக் கூடாது.

தவறு நடந்த பிறகு அதை மறைக்கத்தான் பிள்ளை இன்னொரு தவறு செய்கிறது. இழந்த ஐ.டி.யை மீட்க இன்னொருவனுக்குப் பணம் அனுப்புகிறது. மெசேஜை அழிக்கிறது. திருடனுக்கு வேண்டியதும் அதுதான். "வீட்டில் சொன்னால் உதை விழும், நான் சொல்வதைச் செய்" என்று அவன் மிரட்டுவதும் அதனால்தான். குழுவில் ஒரு உறுப்பினர் தவணை கட்ட முடியாமல் போனால் நாம் என்ன செய்கிறோம்? கூட்டத்துக்கே வராமல் ஒளிந்தால் கடன் ஏறும். வந்து சொன்னால் வழி பிறக்கும். பிள்ளைக்கும் அதுவே பொருந்தும்.

அதனால் இன்று ராத்திரியே பிள்ளையிடம் இப்படிச் சொல்லிவையுங்கள்: "போனில் ஏதாவது தப்பு நடந்தால், எவ்வளவு பணம் போனாலும், முதலில் என்கிட்ட வந்து சொல்லு. அடிக்க மாட்டேன். சேர்ந்து பார்ப்போம்." சொன்னால் மட்டும் போதாது, அந்த நாள் வந்தால் வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். கோபம் வரும். வரட்டும். முதலில் போன் செய்ய வேண்டிய இடத்துக்குப் போன் செய்துவிட்டு, மறுநாள் உட்கார்ந்து கணக்குக் கேட்கலாம். வீட்டு ஆம்பளைங்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் கவனியுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மன உளைச்சலுக்கு 14416, தமிழ்நாட்டில் 104. மூன்றும் கட்டணம் இல்லாதவை.

போய்விட்டால் உடனே என்ன செய்வது?

விளையாட்டுக் கணக்கு மட்டும் போயிருந்தால்:

கூகுள் அல்லது ஃபேஸ்புக் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். 'எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது' என்ற பட்டியலைப் பார்த்து, நம்முடையது அல்லாத எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். மீட்பு போன் நம்பர், இமெயில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமான ஆப்பை நீக்குங்கள். பிறகு விளையாட்டுக் கம்பெனியின் உதவிப் பகுதியில் ஐ.டி. எண், டைமண்ட் வாங்கிய ரசீது வைத்துப் புகார் செய்யுங்கள். ஐ.டி. எண்ணை இப்போதே ஒரு நோட்டில் எழுதிவைத்தால் அன்று உதவும். "500 ரூபாய் கொடு, ஹேக் ஆன ஐ.டி.யை மீட்டுத் தருகிறேன்" என்று வருகிறவன் இரண்டாவது திருடன்.

பணமும் போயிருந்தால்:

முதல் வேலை 1930-க்குப் போன். இது இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஓடி முடிவதற்குள் சொன்னால், வழியில் உள்ள வங்கியில் நிறுத்திவைக்க முடியும். பணத்தை உருவி எடுத்துவிட்ட பிறகு பிடிப்பது கஷ்டம். பெயர், வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, மெசேஜில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதனால்தான் எந்த மெசேஜையும் அழிக்கக் கூடாது என்கிறோம்.

இரண்டாவது, வங்கிக்குச் சொல்லிக் கார்டையும் யூ.பி.ஐ.யையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு ஒரு முறை வகுத்தது. தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, வேறு எங்கோ நடந்தது என்றால், வங்கிச் செய்தி வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் நம் தலையில் விழாது. நாமே பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் நம் பொறுப்பு, சொன்ன பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. அதாவது வாய் திறந்து சொல்லும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பு உண்டு.

மூன்றாவது, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள், அல்லது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். "குற்றம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது. அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவதும், ஆள் மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகளின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போங்கள்.

பிள்ளையே தெரியாமல் வாங்கியிருந்தால், அது திருட்டு என்று பொய்ப் புகார் கொடுக்காதீர்கள். பிளே ஸ்டோர் வழியாக வாங்கியது என்றால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் கேட்பதில் தவறில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

பயிற்சி: எல்லோரும் போனைக் கொண்டு வாருங்கள். வீட்டில் விளையாடும் பிள்ளை இருந்தால் கூட அழைத்து வாருங்கள். ஊக்குநர் ஒவ்வொன்றாகக் கேட்கட்டும்.

- இந்தப் போனில் யாருடைய கூகுள் கணக்கு இருக்கிறது? விளையாட்டு எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது?
- பிளே ஸ்டோரில் வாங்கும்போது பாஸ்வேர்டு கேட்கிறதா?
- இரட்டைப் பூட்டு போட்டாயிற்றா?
- பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்த ஆப் ஏதாவது இருக்கிறதா?
- 1930, வங்கி எண், 1098 மூன்றும் போனிலும், வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்கிறதா? போன் முடங்கினால் சுவர்தான் உதவும்.

கவனம்: பயிற்சி நேரத்தில் யாரும் தன் பாஸ்வேர்டையோ பின் நம்பரையோ சொல்லக் கூடாது. ஊக்குநரிடமும் வேண்டாம், பிரதிநிதியிடமும் வேண்டாம், கூட்டத்துக்கு வரும் எங்களிடமும் வேண்டாம்.

கலந்து பேச:

1. நம் வீட்டுப் பிள்ளை போன மாதம் யாரோடு விளையாடியது என்று நமக்குத் தெரியுமா?
2. பிள்ளை வந்து "அம்மா, 3 ஆயிரம் போயிடுச்சு" என்று சொன்னால், நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்னவாக இருக்கும்?
3. தடைக்காலத்தில் நிவாரணப் பணம் வரும் கணக்கை, பிள்ளை கையில் இருக்கும் போனிலிருந்து எப்படித் தனியாக வைக்கலாம்?

இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். பேசி முடிவு செய்ததைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படும் உறுப்பினர்களுக்கு இந்தப் பாடத்தை யாராவது ஒருவர் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள். அந்த வேலையை ஒரு பிள்ளையிடமே கொடுத்தால் இன்னும் நல்லது.